பிலிப்பினோ நண்பர்களுக்கு ஆங்கிலம்: பயணம், மனசு, மழை

ஜூன் 8, காலை (வாசகர் கேள்வி)

ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். கூட மூன்று பிலிப்பினோ நண்பர்கள். ஆங்கிலம் பேசுவார்கள், ஆனால் இன்னும் நல்ல வேலைக்குப் போக வேண்டும், சொல்வளம் போதவில்லை என்று என்னிடம் உதவி கேட்கிறார்கள். பயணம், உணர்வுகள், வானிலை மூன்றுக்கும் சேர்த்து நூறு ஆங்கிலச் சொற்கள், பக்கத்தில் பிலிப்பினோ அர்த்தம் போட்ட ஒரு பட்டியல் கையில் இருக்கிறது. தினம் பத்து மனப்பாடம் செய்ய வைத்தால் பத்தே நாளில் முடிந்துவிடும். சரிதானே?

ஜூன் 8, இரவு

முடியாது தம்பி. இதே மாதிரி ஒரு பட்டியலை நானும் போட்டேன். மணிலாப் பெருநகரத்தைச் சேர்ந்த மரிக்கினாவில் ஒன்பதாவது வருஷமாகக் குடியிருக்கிறேன். வேலை கணக்கு எழுதுவது, வாத்தியார் வேலை இல்லை. வீட்டுக்காரம்மாவின் மகளுக்கு வளைகுடாவில் ஹோட்டல் வரவேற்பு மேசை வேலைக்குப் போக ஆசை. நேர்காணலுக்குத் தயார் செய்யச் சொன்னார்கள். அன்று இரவே எக்செலில் மூன்று நிரல் போட்டுச் சொல், அர்த்தம், வாக்கியம் என்று நிரப்பிவிட்டேன்.

முதல் நாளே பட்டியல் படுத்துவிட்டது. ட்ராவல் என்றால் பியாஹே. ட்ரிப் என்றால் பியாஹே. ஜர்னி, அதுவும் பியாஹே. வாயேஜுக்கும் பியாஹேதான் போட்டிருந்தேன். அந்தப் பெண் தாளைப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டாள்: "எல்லாம் ஒன்றுதான் என்றால் எதற்கு நாலு சொல்?" என்னிடம் பதில் இல்லை. பட்டியலிலும் இல்லை.

ஜூன் 9

நேற்று எழுதியது ஏதோ அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது போல ஆகிவிட்டது. அப்படி இல்லை. 1901இல் தாமஸ் என்ற கப்பலில் அமெரிக்க வாத்தியார்கள் ஐந்நூறு பேர் போல வந்து இறங்கியதிலிருந்து இங்கே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் உண்டு. 1987 அரசியலமைப்பில் பிலிப்பினோவோடு ஆங்கிலமும் ஆட்சிமொழி. வங்கிப் படிவம், நீதிமன்றத் தீர்ப்பு, மாத்திரை அட்டை எல்லாம் ஆங்கிலம்.

ஆக, தெரியாத மொழியைச் சொல்லிக்கொடுக்கிற வேலையே இல்லை இது. நூற்றாண்டுக்கு மேலாகத் தங்கள் வீட்டு மொழியின் அச்சில் வார்த்து வைத்திருக்கிற ஆங்கிலம் ஒன்று அவர்களிடம் இருக்கிறது. அது ஊருக்குள் நன்றாகவே ஓடும். வெளியே போனால் சில இடத்தில் இடிக்கும். எங்கே இடிக்கும் என்று தெரிந்துகொள்வதுதான் நம் வேலை.

ஜூன் 11

ஜீப்னியில் யோசித்தது.

ஜீப்னி தெரியாதவர்களுக்கு: உள்ளே எதிரெதிராக இரண்டு நீள பெஞ்சு. முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். நிமிர்ந்து நிற்க முடியாது. கண்டக்டர் பெரும்பாலும் கிடையாது. கடைசியில் ஏறியவர் சில்லறையை நீட்டி "பாயாத் போ" என்பார். யார் கையிலிருந்தோ யார் கைக்கோ மாறி மாறி அது ஓட்டுநரிடம் போய்ச் சேரும். மீதிச் சில்லறை அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். ஒரு பெசோ குறைந்து நான் பார்த்ததில்லை. இறங்க வேண்டுமென்றால் "பாரா போ!"

இந்த "போ"வைக் கேட்டு முதல் மாதம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயசான அம்மாவைப் பார்த்துச் சின்னப் பையன் "ஸலாமாத் போ" என்கிறான். நம் காதுக்கு விரட்டுகிற மாதிரி இருக்கும். அது நம் "ங்க". நன்றிங்க. நிறுத்துங்க. அவ்வளவு மரியாதை.

சரி, ஆங்கிலத்துக்கு வருகிறேன். ஏறுவது எதில் ஏறினாலும் சகாய், இறங்குவது எதிலிருந்து இறங்கினாலும் பபா. நமக்கும் அப்படித்தானே. அதனால் அவர்கள் ஆங்கிலத்தில் "ஐ வில் கோ டவுன் ஹியர்" என்பார்கள். தப்பு, கெட் ஆஃப் என்று சொல்ல வேண்டும் எனத் திருத்தினேன். உடனே அடுத்த கேள்வி: காரிலிருந்து இறங்கினால்? கெட் அவுட். ஏன்? எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டி என்றால் ஆன், ஆஃப். பேருந்து, ரயில், கப்பல், விமானம். குனிந்து உட்கார்கிற வண்டி என்றால் இன், அவுட். நன்றாக இருக்கிறதே என்று நானே மெச்சிக்கொண்டேன்.

"அப்போ ஜீப்னி?"

குனிந்துகொண்டேதான் போக வேண்டும், ஆனால் இருபது பேர் போகிற பொதுவண்டி. இன்னும் முடிவு தெரியவில்லை.

ஜூன் 11, கொஞ்சம் கழித்து

மறந்துபோனது. "சா". அவர்களுக்கு இடம், காலம், திசை எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்தான். விமான நிலையத்தில், திங்கட்கிழமையில், மேசைமேல், மணிலாவுக்கு. ஆங்கிலத்தில் அது அட், ஆன், இன், டு என்று சிதறுகிறது. நூறு சொல்லை விட்டுவிட்டு இந்த நாலு குட்டிச் சொல்லோடு ஒரு வாரம் உட்கார்ந்தாலே பாதி வேலை முடியும்.

ஜூன் 14

ஷார்ஜாத் தம்பி, கேட்டிருந்தீர்கள், "பிலிப்பினோ நண்பர் ஒருவர் பொண்டாட்டியையே ஹீ என்கிறார், கேலி செய்யலாமா?" என்று. வேண்டாம். அவர்கள் மொழியில் அவன், அவள் இரண்டும் "ஷா" என்கிற ஒரே சொல். அவசரத்தில் நாக்கு எதையாவது எடுத்துக்கொள்ளும். ஃபேரை பேர் என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். அதைத் திருத்துகிற தகுதி தமிழனுக்குக் கிடையாது.

ஜூன் 17

பயணச் சொற்களில் அவர்களுடையதுதான் பணக்கார மொழி, ஆங்கிலம் ஏழை. ஊவி என்றால் வீடு திரும்புவது. லுவாஸ் என்றால் நாட்டுப்புறத்திலிருந்து பட்டணத்துக்குப் போவது. ஹதித் என்றால் ஒருவரைக் கொண்டுபோய் விடுவது, சுந்தோ என்றால் போய்க் கூட்டிக்கொண்டு வருவது. ஹதித்-சுந்தோ என்று சேர்த்தே சொல்வார்கள், காதலனின் முதல் கடமை அது.

சுந்தோவுக்கு ஃபெட்ச் என்று சொல்கிறார்கள். "ஐ வில் ஃபெட்ச் யூ". விருந்தாளியிடம் சொன்னால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும், நாய் பந்தை எடுத்து வருகிற மாதிரி. பிக் அப் போதும். ஹதித்துக்கு மூன்று ஆகிறது: காரில் விட்டால் ட்ராப் ஆஃப், வாசல் வரை வந்தால் வாக், ரயில் கிளம்பும்வரை நின்று கையாட்டினால் சீ ஆஃப். இதை அவள் நோட்டில் எழுதிக்கொண்டு, "மூன்றையும் ஒரே ஆள் செய்தால்?" என்றாள். அதற்குப் பெயர் அப்பா என்றேன்.

ஆஃப்லோட் என்ற சொல்லையும் எச்சரித்து வைத்தேன். மற்ற ஊரில் சரக்கை இறக்குவது. இங்கே, குடியேற்ற அதிகாரி திருப்தியடையாமல் பயணியை விமானம் ஏறவிடாமல் நிறுத்துவது. "நா-ஆஃப்லோட் அகோ" என்று ஒரு பெண் சொன்னால் அதன் பின்னால் கடன் வாங்கிய பணம், விற்ற நகை எல்லாம் இருக்கும்.

ஜூன் 22

உணர்வுச் சொற்கள். இங்கேதான் பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

அவள் ஒரு நாள் வேலை முடிந்து வந்து "ஐ ஆம் ஸோ டயரிங்" என்றாள். டயர்டு என்று திருத்தினேன். அடுத்த நாள் "தி மூவி இஸ் போர்டு". இங், எட் விதியைப் பலகையில் எழுதுகிற மாதிரி எழுதிக் காட்டினேன். தலையாட்டினாள். மறுநாள் மறுபடி அதே.

அப்புறம் வீட்டுக்காரம்மா சமையலறையிலிருந்து சலித்துக்கொண்டது காதில் விழுந்தது. "நகாகாபாகோத்!" வேலை ஆளைக் களைப்படைய வைக்கிறது என்று அர்த்தம். ஆள் களைத்திருந்தால் வெறும் "பகோத்". பயமுறுத்துகிற பேய்ப்படம் நகாகாதாகோத், பயப்படுகிற நான் நதாதாகோத். எரிச்சலூட்டுகிற ஆள் நகாகாஇனிஸ், எரிச்சல்படுகிற நான் நாயினிஸ். ஆங்கிலம் வாலில் செய்வதை இவர்கள் தலையில் செய்கிறார்கள். எந்தக் குழந்தையும் இதில் தடுமாறி நான் கேட்டதில்லை.

அன்று மாலை ஒரே வரிதான் சொன்னேன்: "நகாகா வருகிற இடத்தில் இங் போடு." அதோடு டயரிங், போரிங் தகராறு முடிந்தது. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது, மூன்று வாரம் வீணாக்கியிருக்கிறேன். மொழி அவள் வாயிலேயே இருந்தது, நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 23

முந்தின குறிப்பில் வெட்கம் என்று எழுதியதும் ஹியா நினைவுக்கு வந்தது. நமக்குக் கூச்சம் வேறு, வெட்கம் வேறு, அவமானம் வேறு. அவர்களுக்கு ஹியா ஒன்றுதான். ஆங்கிலத்தில் அதை ஷை என்று மட்டும் போட்டு ஓட்டுகிறார்கள். "ஐ ஆம் ஷை டு ஆஸ்க்." கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பதுகூடப் பரவாயில்லை. ஒரு மாதிரி நேர்காணலில் "தப்பு செய்தால் எப்படி உணர்வாய்?" என்று கேட்டேன். "ஐ வில் பி ஷை, சார்." எம்பாரஸ்டு என்று சொல்ல நினைத்தது அது. எதிரில் இருப்பவர் காதில், தப்பை மறைத்துக்கொண்டு மூலையில் நிற்பாள் போல என்று விழும்.

மூன்று கதை சொல்லித்தான் பிரித்தேன். புது ஆளிடம் பேச முடியாமல் நெளிகிறாய், ஷை. பாவாடையில் குழம்பு சிந்தியதை எல்லோரும் பார்த்தார்கள், எம்பாரஸ்டு. அம்மாவிடம் பொய் சொன்னது இரவில் உறுத்துகிறது, அஷேம்டு. மூன்றாவதுக்கு அவள் சிரிக்கவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூன் 29

தம்போ.

நெருங்கியவர் கவனிக்காமல் விட்டதால் மனசு நொந்து, வாயைத் திறந்து சொல்லாமல், பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கி இருப்பது. எதிராளி தானாக உணர்ந்து வந்து கொஞ்ச வேண்டும். அந்தக் கொஞ்சலுக்குப் பெயர் லம்பிங். ஆங்கில அகராதி சல்க் என்கிறது. அது திட்டு. தம்போ திட்டு இல்லை, உரிமை. அந்நியரிடம் யாரும் தம்போ காட்ட மாட்டார்கள்.

நம் ஊடல்தானே என்று சந்தோஷமாக எழுத வந்தேன், பாதியில் நிறுத்திக்கொண்டேன். ஊடல் காதலர்க்கு. தம்போ அம்மாவிடமும் உண்டு, தோழியிடமும் உண்டு. நம் "கோவிச்சுக்கிட்டா" அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது என்றாலும் சரி.

இதற்கு ஆங்கிலச் சொல் தேடாதீர்கள், விட்டுவிடுங்கள்.

ஜூன் 30

நேற்று விட்டுவிடுங்கள் என்று எழுதியது அரைகுறை. வெளிநாட்டு மேலாளர் தம்போவைப் புரிந்துகொள்ள மாட்டார். ஒருத்தி நாலு நாள் பேசாமல் இருந்தால் ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பு எழுதிவிடுவார். அதனால் ஒரு சொல்லுக்குப் பதில் ஒரு வாக்கியமாகக் கொடுத்தேன்: "ஐ ஃபெல்ட் ஹர்ட் வென் நோபடி டோல்டு மீ." யாரும் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. அவள் படித்துப் பார்த்துவிட்டு, "இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அப்புறம் தம்போவே இல்லையே" என்றாள். நியாயம்தான்.

ஜூலை 2

கிலிக்: காதலன் பெயர் போனில் வந்ததும் வயிற்றுக்குள் ஓடுகிற குறுகுறுப்பு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2016இல் சேர்த்துக்கொண்டது. நமக்குக் கிலி என்றால் பயம். கல்யாணமான நண்பர் ஒருவர் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்.

கிகில்: கொழுகொழு குழந்தையைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தைப் பிய்த்துவிடலாம் போல வருகிற ஆசை. 2025 மார்ச்சில் அதே அகராதியில் ஏறிவிட்டது. ஆங்கிலம் இவர்களிடம் சொல் கேட்டு வருகிறது, நாம் இவர்களுக்குப் பட்டியல் போடுகிறோம்.

ஜூலை 3

லோஓப் என்றால் உள்ளே. வீட்டுக்குள், பைக்குள் எல்லாவற்றுக்கும் அதுதான். மனசுக்கும் அதுதான். சமா நங் லோஓப், உள்ளே கெட்டுப்போய்க் கிடக்கிற வருத்தம். லகாஸ் நங் லோஓப், உள்ளே இருக்கிற பலம், அதாவது தைரியம். ஊதாங் நா லோஓப், உள்ளே பட்ட கடன், நன்றிக்கடன்.

உள் என்பதிலிருந்துதானே நமக்கும் உள்ளம். இரண்டாயிரத்து ஐந்நூறு மைலுக்கும் அப்பால் சம்பந்தமே இல்லாத ஒரு மொழி அதே அறைக்குள் போய் அதே விளக்கைப் போட்டிருக்கிறது. இதை எழுத வேண்டும் என்றுதான் எழுதினேன், பாடத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

ஜூலை 5

டாவோவில் மருத்துவம் படிக்கிற தம்பி திருத்தம் அனுப்பியிருக்கிறார். "நீங்கள் சொல்வதெல்லாம் மணிலாப் பக்கம். இங்கே பேசுவது பிசாயா." உண்மை. ஷார்ஜாக்காரரே, உங்கள் மூன்று பேர் எந்த ஊர் என்று முதலில் கேளுங்கள். பிலிப்பினோ எல்லோருக்கும் தெரியும், ஆனால் வீட்டில் பேசுவது வேறாக இருக்கலாம்.

உணர்வுச் சொல்லிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. "லீபோக்" என்றால் பிசாயாவில் குழப்பம். மணிலாப் பக்கத்துத் தகாலோகில் (பிலிப்பினோவுக்கு அடிப்படையான மொழி), நாகரிகமாகச் சொன்னால், காமம். டாவோ பையன் மணிலா வகுப்பில் எழுந்து நின்று எனக்குப் பாடம் லீபோகாக இருக்கிறது என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இவர்களுக்குக் கன்ஃப்யூஸ்டு என்ற ஆங்கிலச் சொல் வாழ்நாள் காப்பீடு.

ஜூலை 9

வானிலை. வீட்டுக்காரம்மாவின் பேரன் நாலாவது படிக்கிறான். கட்டுரை நோட்டில் "தி டைம் இஸ் வெரி ஹாட்" என்று எழுதி வைத்திருந்தான். பனஹோன் என்றால் காலமும் அதுதான், வானிலையும் அதுதான். ஆரவ் என்றால் சூரியனும் பகலும். நம் காலமும் மழைக்காலம், அந்தக் காலம் என்று இரண்டு பக்கமும் போகிறதே. அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவன் டீச்சருக்கு வந்திருக்கிறது. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு ஆச்சரியக்குறி.

அதே நோட்டில் "ஐ ஆம் கோல்டு" என்று எழுதியதை அடித்து "இட் இஸ் கோல்டு" ஆக்கியிருந்தார். அது தேவையே இல்லை, அவன் சரியாகத்தான் எழுதியிருந்தான். உடம்புக்குக் குளிர்வது கினாவ். பொருளோ காற்றோ குளிர்ந்திருப்பது லமிக். அவனுக்கு வித்தியாசம் தெரியும், அது நோட்டிலேயே இருக்கிறது. (டாவோ தம்பி: அங்கே துக்நாவ், புக்நாவ் என்று இரண்டாம். அங்கேயும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.)

ஜூலை 12

அம்போன் என்றால் தூறல். மழை நம்மை அம்போவென்று விட்டுவிடும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலின்சாங்கன் என்றால் நம் புழுக்கம். காற்றே அசையாமல் உடம்பு பிசுபிசுக்க, மழை வரும் வரும் என்று வராமல் இருக்கிற அந்த மத்தியானம். ஹியூமிட் என்று ஒரு தட்டையான சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது, அது மீட்டரைப் பார்த்துச் சொல்வது. மக்கி என்பதுதான் சரியானது, அதில்தான் வியர்வை இருக்கிறது. அவளை மக்கி என்று பத்து தரம் சொல்ல வைத்தேன்.

ஜூலை 20

இரண்டு நாளாக ஹபாகாத். தென்மேற்குப் பருவக்காற்றுக்கு இங்கே இந்தப் பெயர், வருஷக் கடைசியில் வருகிற வடகிழக்குக் காற்றுக்கு அமிஹான். மரிக்கினா ஆற்றில் 15 மீட்டர் வந்தால் முதல் எச்சரிக்கை, 16இல் இரண்டாவது, 18இல் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். 2009 செப்டம்பர் 26 ஒன்தோய் புயலில் கேசோன் சிட்டியில் ஒரே நாளில் 455 மில்லிமீட்டர் பெய்தது, இந்தத் தெரு முழுவதும் தண்ணீருக்குள். வீட்டுக்காரம்மா மாடிப்படியில் ஒரு கோட்டைக் காட்டுவார். எட்டாவது படி. சுண்ணாம்பு அடித்தாலும் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிடச் சொல்வார்.

மின்சாரம் இல்லாததால் நீளமாக எழுதுகிறேன்.

வானிலைச் சொல்லில் அவளுக்கு முதலில் என்ன கற்றுக்கொடுப்பது என்று யோசித்தேன். சன்னி, கிளவுடி, விண்டி எல்லாம் ஆறாம் வகுப்பிலேயே தெரியும். தெரியாமல் போய் ஆளைக் கொன்ற சொல் ஒன்று இருக்கிறது. 2013 நவம்பர் 8. உலகத்துக்கு ஹையான் புயல், இங்கே யோலாந்தா. எச்சரிக்கை இல்லாமல் இல்லை. ஸ்டார்ம் சர்ஜ் வரும் என்று டிவியில் சொன்னார்கள். லெய்தே தீவில் தக்லோபான் நகரத்தில் பலருக்கு அது இன்னொரு வகைக் காற்று போலத்தான் கேட்டது. காற்றுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். கடல் ஆள் உயரத்தைத் தாண்டி ஊருக்குள் வந்தது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 6,300 பேர். தப்பித்தவர்கள் பலர் பிறகு சொன்னது, சுனாமி மாதிரி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று. புயல் தள்ளிக்கொண்டு வருகிற கடலுக்குத் தலூயோங் என்று பிலிப்பினோவிலேயே சொல் இருந்தது. அறிவிப்பில் வந்தது ஆங்கிலச் சொல்.

நான் கடலூர்க்காரன். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி என்ற சொல் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஆழிப்பேரலை என்று எழுதியதெல்லாம் பிற்பாடு. அன்று முழங்கால் வரை நனைந்த வேட்டியோடு ஓடி வந்த ஒருவர் கத்தியது, "கடல் உள்ள வந்துருச்சு, ஓடுங்க." சொல் தெரியாத எல்லோருக்கும் அது புரிந்தது.

அதனால் ஸ்டார்ம் சர்ஜுக்கு அவள் நோட்டில் அர்த்தம் எழுதச் சொல்லவில்லை. "தி ஸீ வில் கம் இன். கோ அப் நவ்." இதை மட்டும் எழுதச் சொன்னேன். ஹோட்டல் வேலைக்குப் போகிறவள். ஒரு நாள் இரவு அறை அறையாகத் தட்டிச் சொல்ல வேண்டி வரலாம்.

ஜூலை 21

தண்ணீர் வடிந்துவிட்டது, கோட்டுக்கு வெகு கீழே. கேட்டவர்களுக்கு நன்றி.

ஒரு துணுக்கு: இங்குள்ள வானிலைத் துறையின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கினால் பகாசா. பிலிப்பினோவில் பாக்-ஆசா என்றால் நம்பிக்கை. வருஷத்துக்கு இருபது புயல் போல எட்டிப் பார்க்கிற நாட்டில் வேறென்ன பெயர் வைப்பார்கள்.

ஆகஸ்ட் 6

நேர்காணல் முடிந்தது. போனில். நான் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். நன்றாகத்தான் போனது. நடுவில் சான்றிதழ் எண் கேட்டிருக்கிறார்கள், எடுத்து வருவதற்குள் "ஃபார் எ வைல், சார்" என்றுவிட்டாள். சற்றுப் பொறுங்கள் என்பதற்கு இங்கே எல்லா அலுவலகத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். எதற்குக் கொஞ்ச காலம் என்று புரியவில்லை போல. "ஒன் மொமென்ட்" என்று சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை, ஒன்பது வருஷத்தில் நானே ஃபார் எ வைல் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7

வேலை கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 10

ஜூன் 11 குறிப்பைத் திருத்த வேண்டும். கோ டவுன் தப்பு என்று அடித்துச் சொல்லியிருந்தேன். 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி பிலிப்பைன்ஸ் ஆங்கிலச் சொற்களைக் கொத்தாகச் சேர்த்தபோது இறங்குவதற்கான கோ டவுனும் அதில் இருந்தது என்று நண்பர் ஒருவர் காட்டினார். கோபத்துக்கு ஹை பிளட், கழிப்பறைக்குக் கம்ஃபர்ட் ரூம், ஊர் திரும்புகிறவருக்குப் பாலிக்பாயான் எல்லாம் கூட உண்டு. ஆக, தப்பு என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன். உள்ளூர்ச் சில்லறை, வெளியூர்ச் சில்லறை என்று இரண்டு பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கழிப்பறை எங்கே என்று துபாயில் கேட்டால் கம்ஃபர்ட் ரூம் செல்லாது. மரிக்கினாவில் டாய்லெட் என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

செப்டம்பர் 14

விமான நிலையத்தில் குடும்பமே வந்து நின்றது, பதினொரு பேர். யாரும் குட்பை சொல்லவில்லை. "இங்ஙாத்" என்றார்கள், பத்திரம். அவள் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "தாங்க் யூ ஃபார் சீயிங் மீ ஆஃப்" என்றாள். உச்சரிப்பு கச்சிதம். வீட்டுக்காரம்மாவுக்குப் புரியவில்லை, ஹதித் என்று நான்தான் சொன்னேன்.

அக்டோபர் 19

அவளிடமிருந்து செய்தி. மக்கி என்று அங்கே ஒருத்தரும் சொல்வதில்லையாம். எல்லோருக்கும் ஹியூமிட்தான். இவள் மக்கி என்று சொன்னதற்கு மேலாளர் மூன்று தரம் திரும்பக் கேட்டாராம். ஜூலை 12 குறிப்பைப் பார்த்து யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் மன்னிக்கவும்.

கூட வேலை பார்க்கிற திருநெல்வேலிக்காரர் ஒருவர் தினமும் மத்தியானம் "சாப்பிட்டாச்சா?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறாராம். இவளுக்கு உடனே புரிந்துவிட்டது, இவர்கள் ஊரில் "குமாயின் கா நா" என்றால் அதேதான். பதிலும் அதே பதில்தான், சாப்பிடாவிட்டாலும் ஆச்சு. ஐரோப்பாவிலிருந்து வந்த மேலாளரிடம் அவர் அதைக் கேட்டபோது, மதிய விருந்துக்கு அழைக்கிறார் என்று நினைத்துக் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம்.

கிறிஸ்துமஸுக்குப் பெட்டி அனுப்புகிறாள். பெரிய அட்டைப்பெட்டி, கப்பலில் வரும், இப்போதே கட்டினால்தான் டிசம்பருக்குள் சேரும். என்னிடமும் பசலூபோங் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஊருக்குப் போனவர் வீட்டில் இருப்பவர்க்கு வாங்கி வருவது. சூவனீர் என்று போட முடியாது, அது தனக்கு வாங்கிக்கொள்வது. அவளும் போடவில்லை. ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக எழுதியிருந்தாள், நடுவில் பசலூபோங் மட்டும் அப்படியே. நான் திருத்தவில்லை.

பேரீச்சம்பழம் என்று பதில் போட்டேன். கொட்டை எடுத்தது.